ஒற்றைக் காலில் நிற்கும் பெனின்

புதுக்கடை
19.8.2007

அன்பு மருமகன் ஷிபினுக்கும் அஜிஷாவுக்கும் குமாரதாஸ் மாமா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே உன் அப்பா, அம்மா, நான், நாய் வரைக்கும் சுகம். மஸ்கட்டில் நீங்கள் மூவரும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். ஆனால் உன் மகன் பெனின் மட்டும் உன் வீட்டு டிவியில் மூன்று வாரமாக ஒற்றைக் காலில் நிற்கிறான். தூக்கிய வலது காலை இன்னும் கீழே வைக்கவில்லை. கொக்குகூட இடையில் கால் மாற்றும், மக்கா.

பிள்ளை முதன்முதலாக நடந்ததைப் படம் பிடித்து சிடியாக அனுப்பினாய் அல்லவா, உன் அம்மா அதைப் போட்ட போட்டில் நம் தெருவில் பெனினைப் பார்க்காத கோழி கிடையாது. உன் அப்பா மட்டும் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "பிள்ளைய தட்டுல அடச்சு அனுப்பியிருக்கான், பெரிய சாமர்த்தியம்" என்றார். பேரனுக்குப் பேர் வைக்கும்போது தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று ஒரு வருஷமாக அந்தப் பேரை வாயால் சொல்லாத மனுஷன். 'மஸ்கட்காரன்' என்றுதான் சொல்வார். ஆனால் படம் முடியும்வரை அந்தப் பேப்பரில் ஒரு பக்கம் திரும்பவில்லை, நான் பார்த்தேன். தூசி பிடிக்கக்கூடாதே என்று உன் அம்மா கிரேசி சிடியை முந்தானையால் துடைத்தாள். சற்று முன் மீன் கழுவிய முந்தானை. சிடியில் நெத்திலி வாடை ஏறியது, படமும் நெத்திலி போலவே துள்ளியது. பக்கத்து வீட்டு சொர்ணம்மாள் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள், அவள் மகள் பற்பசை போடச் சொன்னாள், கொஞ்சம் விட்டிருந்தால் தாளித்திருப்பார்கள். அப்போதுதான் உன் அப்பா எழுந்தார். ஆயுள் முழுக்கப் பம்புசெட்டு பழுது பார்த்தவர் இல்லையா, "தள்ளு கிரேசி, இதுவும் வால்வு மாதிரிதான்" என்று வால்வு தேய்க்கிற பேஸ்டை அப்பி, சுற்றிச் சுற்றி ஒரு தேய்ப்புத் தேய்த்தார் பாரு, பேச்சிப்பாறை அணையே திரும்பிப் பார்த்திருக்கும்.

மிச்சத்தை நான்தான் ஜங்ஷனில் சிடி கடை வைத்திருக்கும் பிரிஜாவிடம் கொண்டுபோனேன். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல உளுந்தா ஆட்டுனீங்க?" என்று கேட்டாள். துடைப்பதானால் மெத்தென்ற துணியால் நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டுமாம், வட்டமாகத் தேய்த்தால் கீறல் படம் ஓடுகிற தடத்தோடேயே ஓடிக் கெடுத்துவிடுமாம். திட்டிக்கொண்டே மிஷினில் பாலிஷ் போட்டுத் தந்தாள். எல்லாம் ஓடியது, அந்தக் கால் மட்டும் இறங்கவில்லை. சிடியைத் திருப்பினாள். மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால், பனைமரத்தில் கொத்தியது போல அழுத்தி, 'பெனின் ஷிபின் செல்வதாஸ்' என்று, உன் அப்பா பேரையும் சேர்த்து, எழுதியிருந்தது. "கீழ கீறுனா தேச்சு எடுக்கலாம். படம் ஒட்டியிருக்கது மேல்பக்கத்துல. அங்க குத்துனா அவ்வளவுதான். எந்த மகராசன் எழுதுனது?" என்றாள். எனக்குக் கையெழுத்து தெரியும், பம்புசெட்டு பில்லில் எத்தனை தடவை பார்த்தது. இப்போது சாயங்காலமானால் உன் அப்பா யாரும் இல்லாத நேரம் பார்த்து அதைப் போடுகிறார். கால் தூக்கி நின்றதும் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, "வையிடே பெனினே, காலக் கீழ வையி" என்கிறார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். சிரிக்கத்தான் போனேன், சிரிப்பு வரவில்லை.

இதைப் படித்ததும் வேறு சிடி அனுப்பக் கிளம்பிவிடுவாய். தபாலில் போகிற பாசமென்றால் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. அனுப்பினால் அதை நானே அம்மியில் வைத்து அரைப்பேன். அவர் வா என்று சொல்ல மாட்டார், அவர் சொல்லாமல் நீ வர மாட்டாய், இரண்டும் ஒரே வார்ப்பு. ஆகவே தேங்காப்பட்டணம் முதல் ஆரல்வாய்மொழி வரை ஆளும் குமாரதாஸ் ஆகிய நான் கட்டளையிடுகிறேன்: கிறிஸ்துமஸுக்குப் பிள்ளையைக் கொண்டு வா. தூக்கிய காலை அவன் உன் அப்பா முன்னால் வைக்கட்டும்.

கர்த்தர் உங்கள் மூவரையும் கண்மணிபோல் காப்பாராக. அஜிஷாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல், பிள்ளை வந்து இறங்குமுன் வீட்டிலுள்ள பேனாவையெல்லாம் நான் ஒளித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் மாமன்
குமாரதாஸ்