தட்டினால் எழுந்திருக்கக் கூடாது

இராயபுரம்,
12-10-1955, புதன் இரவு.

அன்புள்ள சுகிர்தம் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. அத்தானுக்கு மட்டும் வாசித்துக் காட்டிவிட்டு அடுப்பில் போட்டுவிடு. அத்தானோடு வேலை செய்கிற மெட்ராஸ்காரர்கள் உன் வீட்டுக்கு வந்து போகிறார்கள் என்று எழுதியிருந்தாய், அவர்களில் ஒருவர் கண்ணில் பட்டாலும் போதும், எப்படியாவது சுற்றி அப்பா காதுக்கு வந்துவிடும். எழுதுவது உன் தங்கை செல்லக்கனி, சொல்வது அம்மா. அம்மா வேதப்புத்தகத்து அச்செழுத்தைத்தான் கூட்டி வாசிப்பாள், என் கையெழுத்து அவளுக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும், ஆகையால் அவள் சொல்கிறதற்கு நடுவே நான் சொல்ல வேண்டியதையும் சேர்த்துக்கொள்கிறேன். அப்பா கிடங்கில் இருக்கிறார். தூத்துக்குடிக் கருப்பட்டி கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கியிருக்கிறது, மூட்டைகளை அடுக்கி முடிய நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போனார், எப்போது வருவார் என்று தெரியாது. ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு எழுதுகிறேன்.

ஆண்டவர் காத்துவர இங்கே மூன்று பேரும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்கிறோம், நீயும் உன் வயிற்றில் இருப்பதும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையிலும் இரவிலும் என் ஜெபம் என்று அம்மா முதலில் எழுதச் சொன்னாள். கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாயே, தலையணையில் காலைத் தூக்கி வைத்துப் படு, உப்பைக் குறை, பார்லிக் கஞ்சி குடி, கல்கத்தாத் தண்ணீரைக் காய்ச்சாமல் வாயில் வைக்காதே, மாடிப்படியில் வாளி தூக்கி ஏறாதே, அத்தானைத் தூக்கச் சொல், வெட்கப்படாதே என்கிறாள். போன தடவை நீ அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பாஷை தெரியாத நர்சுகள் நடுவே தனியாகக் கிடந்து, பிள்ளையும் தங்காமல், ஒரு வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. அதை நினைத்து அம்மா இன்னும் திடீரென்று அடுப்படியில் வேலையை விட்டுவிட்டு நிற்கிறாள். இந்தத் தடவை எப்படியும் அம்மா உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீ கேட்டதில் தப்பே இல்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டது, திருவொற்றியூர் ஹைரோட்டில் முழங்கால் தண்ணீர், ஒரு நாள் பள்ளிக்கூடம் இல்லை, கடையில் மிளகாய் மூட்டை இரண்டு நனைந்துபோய் அப்பா யாரோடும் பேசவில்லை. வேறு விசேஷம் இல்லை.

நீ அனுப்பிய விமான டிக்கெட்டும், அத்தான் சொல்லி நீ எழுதிய இங்கிலீஷ் சொற்களின் தாளும் உன் மாமியார் கையால் வந்து சேர்ந்தன. நானும் அம்மாவும் காசிமேட்டில் மீன் வாங்கப் போனபோது, இந்தா புடிமே, சுறாவுக்கு அடியில கீது, பாத்து எடு, நனைஞ்சிடப் போவுது என்று கூடையோடு நீட்டினார்கள். டிக்கெட்டில் இன்னும் மீன் வாடை போகவில்லை. நீங்களும் கூட வந்தால் என்ன சம்பந்தியம்மா, எனக்குத் தைரியமாக இருக்குமே என்று அம்மா கேட்டாள். அதற்கு உன் மாமியார், நான் இன்னாத்துக்குமே? நான் ஏறுனா ஏரோப்ளேன் பூரா கவுச்சி அடிச்சிப்பூடும், பைலட்டே எறங்கி ஓடிருவான். வலி எடுக்கசொல்ல பொண்ணு மாமியாரையா கூப்டும், பெத்தவளத்தான் கூப்டும். நீ போய்ட்டு வாமே. சின்னப் பொண்ணுக்குத் தொணையா நான் வந்து உன் வூட்ல படுத்துக்கிறேன். அதுக்குள்ள உன் வூட்டுக்காரரு வந்துட்டாருன்னா நான் பேசிக்கிறேன், அவரு இன்னா என்னை முழுங்கிடுவாரா என்று சொல்லி மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். நீ அவர்கள் மகனைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை அக்கா, அவர்கள் மட்டும்தான் நடுத்தெருவில் வைத்துச் சொல்கிறார்கள். அப்பா வருகிற இருபத்திரண்டாம் தேதி ஊர்க் கோயில் ஸ்தோத்திரப் பண்டிகைக்காகப் போகிறார், அப்படியே கடைக்கு மிளகாய் பிடித்துக்கொண்டு வரப் பத்து நாள் ஆகும். ரயிலில் போக இரண்டு இரவு, வர இரண்டு இரவு என்றால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும், விமானத்தில் வந்தால் அன்று மாலையே உன்னிடம் இருக்கலாம் என்று நீ யோசித்தது சரிதான். திரும்பி வந்தபின் அப்பாவுக்குத் தெரிந்தால் தெரியட்டும், போகுமுன் தெரிந்தால்தான் போக முடியாது என்று அம்மாவும் ஒப்புக்கொண்டிருந்தாள்.

பாடம் எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய். அப்பா கடையில் இருக்கும் நேரத்தில், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நடக்கும். நம் வீட்டு மர நாற்காலிதான் விமானத்து சீட், அம்மாவின் பழைய சேலைக் கரைதான் பெல்ட். டேக் ஆஃப் என்று நான் சொன்னால் அம்மா பெல்ட்டை முடிந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்வாள், லேண்டிங் என்றால் திறப்பாள். ஏரோட்ரோம், ரன்வே, டிலே, கேன்சல் எல்லாம் இரண்டே நாளில் வந்துவிட்டன. காதுக்குப் பஞ்சும் வாய்க்குப் பெப்பர்மிண்டும் கொண்டுவருகிற பெண்ணுக்கு ஏர் ஹோஸ்டஸ் என்று பெயர், அவள் கொடுத்தால் தாங்க் யூ சொல்ல வேண்டும் என்றேன். அதெல்லாம் சொல்லிக்கிடுதேன், நீ சாப்பிட்டியா மக்கான்னு அந்தப் புள்ளைகிட்ட இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கணும், அதச் சொல்லிக்குடுட்டி என்றாள். அது உன் தாளில் இல்லை, நானாகச் சொல்லிக்கொடுத்தேன். பெட்டி நாற்பத்து நான்கு பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய், அப்பா ஊர்க்கூட்டத்துக்குப் போன அன்று கடைத் தராசிலேயே நிறுத்துப் பார்த்தோம். சுக்கு, காயம், பூண்டு, பிள்ளைத்துணி, கருப்பட்டி என்று கட்டி வைத்திருந்தாள், தட்டு தரையில் இடித்தது. கருப்பட்டியில் பாதியை எடுக்கச் சொன்னேன். பேறுகாலத்துக்குப் போறவ கருப்பட்டி இல்லாம என்னத்தக் கொண்டு போவா, ஏரோப்ளேன் கம்பெனிக்காரன் பிள்ளை பெத்திருக்கானா என்று சண்டை போட்டுவிட்டு, தன் சேலைகளை எடுத்து வெளியே வைத்தாள். இரண்டே சேலைதான் கொண்டுவருகிறாள்.

ஓட்டல் சொற்களில்தான் முட்டிக்கொண்டது. மழைக்காலம், விமானம் விசாகப்பட்டினத்தில் நின்றுவிட்டால் விமானக் கம்பெனியே ஓர் இரவு ஓட்டலில் தங்க வைக்கும், அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா. சிங்கிள் ரூம், பாத் அட்டாச்டு, டவல், ஹாட் வாட்டர், பில் எல்லாம் எனக்கே புரிந்தன. வேகன்ஸி என்ற சொல் மட்டும் புரியாமல் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சரிடம் கேட்டுவிட்டேன். ஓட்டலில் அறை காலியாக இருப்பது என்று சொல்லிவிட்டு, எந்த ஓட்டலில் போய் இறங்கப் போகிறாய் மகாராணி என்று கேட்டாள், வகுப்பே சிரித்தது. அதோடு போயிருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்பாவிடம், உங்கள் சின்ன மகள் ஓட்டலையும் ஏரோப்ளேனையும் பற்றியே கேட்கிறாளே, எங்கேயாவது பயணமா என்று கேட்டுவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். டீச்சர் அந்தப் பக்கம் நகர்ந்ததும், விமானப் பயணத்தைப் பற்றி இங்கிலீஷில் கட்டுரைப் போட்டி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பொய் சொன்னதற்கு எனக்குத் தண்டனை உண்டு என்று தெரியும், அது உடனே வந்தது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், அந்தக் கட்டுரையை எழுதி சாயங்காலம் தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பகலெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். சாயங்காலம் கடைக் கணக்கப்பிள்ளை தங்கப்பாண்டியையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஏல, கேளு, எம்புள்ள மெட்ராஸுக்கு மேல பறக்கப் போறா என்று அப்பா பெருமையடித்தார். நான் ஒரு வரி வாசிக்க, ஒரு வரி தமிழில் சொல்ல, அப்பா தொடையைத் தட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் அடுப்படி வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து, ஏளா, மரம் மாதிரி நிக்கியே, உனக்கு ஏதாவது வெளங்குச்சா, ரன்வேன்னா என்னன்னு சொல்லு பாப்போம் என்றார். எனக்கென்ன தெரியும் என்றாள் அம்மா. இவளக் கொண்டுபோய் மீனம்பாக்கத்துல விட்டா, ரேக்ளா வண்டி எங்க நிக்குன்னு கேப்பா என்று அப்பா சொல்ல, தங்கப்பாண்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அன்று படுத்தபின் அம்மா என் காதில், விமானம் ஓடி மேல எழும்புற ரோடுதானட்டி, வாய்வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன் என்றாள். இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். தங்கப்பாண்டி போனபின் அப்பா என்னிடம், அந்த ஏரோப்ளேன் கல்கத்தாவுக்கு எத்தனை மணி நேரத்தில் போகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். சரி என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏதாவது தெரிந்து கேட்டாரா, வேறு எதையாவது நினைத்துக் கேட்டாரா என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். ஓட்டலில் காபி கொண்டுவருகிற பையன் கதவைத் தட்டுவான், பதறக் கூடாது, இருந்த இடத்திலேயே இருந்து கம் இன் சொல்ல வேண்டும், சேலை சரியாக இல்லையென்றால் வெய்ட் எ மினிட் சொல்ல வேண்டும், அவன் நிற்பான் என்று எழுதியிருந்தாயே, அது அம்மாவுக்கு வரவில்லை. சொல் வருகிறது, உட்கார வரவில்லை. நான் வெளியே போய்க் கதவைத் தட்டினால் ஒவ்வொரு தடவையும் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாழ்ப்பாளிடம் ஓடி வந்துவிடுகிறாள். முதலில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சேலைக் கரையால் நாற்காலியோடு கட்டியும் பார்த்தேன், நாற்காலியோடு எழுந்தாள். அப்பாவை உனக்குத் தெரியாதா, இரண்டாம் தடவை தட்ட வைத்தால் அன்றைக்கு வீட்டில் கை நனைக்கமாட்டார். ஒரு தடவை அம்மா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்து கதவைத் திறக்க நேரமானதற்கு மூன்று நாள் ஓட்டலில் சாப்பிட்டார், அம்மாவும் அந்த மூன்று நாள் சாப்பிடவில்லை. நேற்று நான் மறுபடியும் தட்டினேன், மறுபடியும் ஓடி வந்தாள், வந்தவள் சிரிக்கவில்லை, கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தட்டுற சத்தம் கேட்டா என் காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குட்டி, ஒரு கதவுக்கு உக்காந்திருக்க முடியாதவ எப்படி அம்புட்டு தூரம் போயி, திரும்பி வந்து உங்கப்பா முன்னால நிப்பா, எனக்கு ஏலாது, அவகிட்டச் சொல்லிரு என்றாள். இரவெல்லாம் புரண்டுகொண்டே இருந்தாள். இன்று கடிதம் எழுத உட்கார வைத்ததே அதற்காகத்தான். அம்மாவால் வர முடியாது, டிக்கெட்டை அத்தான் திருப்பிக் கொடுத்துவிடட்டும், நீ மனதைத் திடப்படுத்திக்கொள் என்று எழுதச் சொல்லிக் காத்திருக்கிறாள். எழுதிட்டியா, எழுதிட்டியா என்று இதோடு இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டாள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு மழையையும் மிளகாயையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். வரவில்லை என்பதை அம்மாவின் சொல்லாக இந்தத் தாளில் எழுத எனக்குக் கை வரவில்லை அக்கா. எழுதாமல் எழுதினேன் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, நீ ஏரோட்ரோமில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று, அம்மா இறங்காமல் போனால் அந்தப் பாவம் எனக்குத்தானே.

அம்மா முடிக்கச் சொல்கிறாள். என் மகளையும் மருமகனையும் கர்த்தர் தம்முடைய செட்டைகளின் கீழ் மூடிக்கொள்வாராக, சுகப்பிரசவமாகி தாயும் பிள்ளையும் இரண்டு உயிராய்ப் பிரிந்து எழுந்திருக்க வேண்டும், வலி எடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே, வாய்விட்டுக் கத்து, யார் என்ன நினைத்தாலும் கத்து என்கிறாள். முகம் தெரியாதவர்கள் கொடுக்கும் மருந்தைச் சாப்பிடாதே, வெந்நீரில் குளி, தலையை நன்றாகத் துவட்டு. கடைசியில் தன் கையெழுத்தைத் தானே போடுகிறேன், இடம் விடு, அதற்கு மேலே அந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துக் காட்டு என்கிறாள். நான் என்ன செய்வேன் அக்கா.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான், மோதிரம் மரத்தில் படுகிற சத்தம். தாளை மடிக்கப் போனேன், அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எழுது, முடிச்சிரு என்கிறாள். அவள் எழுந்திருக்கவில்லை. கால் இரண்டும் ஆடுகின்றன, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்திருக்கிறாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவையும் தட்டிவிட்டார். அம்மா உட்கார்ந்தபடியே வெய்ட் எ மினிட் என்றாள். மெதுவாக இல்லை, தெருவுக்கே கேட்கும். மூன்றாம் தடவை தட்டவில்லை, அப்பா வெளியே நிற்கிறார். அந்த வரிய எழுதியிருந்தா அடிச்சிருட்டி என்கிறாள், நான் எழுதவே இல்லை அக்கா, இருபத்து நாலாம் தேதி திங்கட்கிழமை சாயங்காலம் நீ ஏரோட்ரோமுக்கு