மேல்காட்டுக்கு எந்த மிஷின்

ஜூன் 2

அண்ணன் போன் செய்தார். "இந்த வருஷமும் முளைக்கலேன்னா மேல்காட்டைக் கல்குவாரிக்குக் குடுத்துடலாம்மா. கல்லுல நார் உரிச்சது போதும்."

பாதி அவருடையது, பாதி என்னுடையது. அவர் அங்கே கால் வைத்து ஆறு வருடம் ஆகிறது. நான் தினமும் அங்கேதான் கிடக்கிறேன். குடுத்துடலாமாம்!

உழுதால் புதுக் கல் மேலே வருகிறது. பொறுக்கிப் போட்டால் அடுத்த வருடம் அதன் தம்பி வருகிறான். இருக்கிற ஈரமும் போய்விடுகிறது. அதனால்தான் உழாமலே விதைக்கும் மிஷின் வாங்க முடிவு செய்தேன். எந்த மிஷின் என்பதுதான் கேள்வி. தப்பாக வாங்கினால் காடு குவாரிக்கு.

ஜூன் 5

நானும் கணவரும் மிஷின் கடைக்குப் போனோம். விற்பனையாளன் பேசியதெல்லாம் என் கணவரிடம். அவர் பள்ளிக்கூட எழுத்தர். டிராக்டரில் சாவி போடும் இடம்கூடத் தெரியாது. "கல்லு நெறைய இருந்தா மண்ணைக் கீறுற இந்தத் தட்டு என்னாகும்?" என்று கேட்டது நான். "கல்லு மேல ஏறி இறங்கிடும் சார்" என்று அவரிடம் பதில் சொன்னான். இவரும் தலையாட்டுகிறார்!

ஏறி இறங்கட்டும். ஏறும்போது விதை எங்கே விழும்?

ஜூன் 9

மிஷினை ஓட்டிக் காட்ட வந்தான். கீழ்க்காட்டில்தான் ஓட்டுவானாம். அது வெண்ணெய் மாதிரி மண். கரண்டியைக் கட்டி இழுத்தாலும் விதை இறங்கும். மேல்காட்டுக்கு வா என்றேன். "வேணாம் மேடம், மிஷின் அடிபடும். முதலாளி என்னைத்தான் கேப்பாரு."

அட! ஒரு நாள் ஓட்ட உனக்கு மனசு வரல, நான் மட்டும் காசு குடுத்து வாங்கி வருஷம் பூரா ஓட்டணுமா?

ஜூன் 10

கடை முதலாளிக்கு நானே போன் செய்தேன். மேல்காட்டில் ஓட்டினால் பேச்சு, இல்லாவிட்டால் இல்லை.

ஜூன் 13

இரண்டு மிஷின் வந்தன. கடையிலிருந்து தட்டு மிஷின். மிஷின் செய்யும் உள்ளூர்ப் பட்டறைக்காரரிடமிருந்து கொழு மிஷின் — தட்டுக்குப் பதில் கலப்பை மாதிரிக் கூர் இரும்பு, ஒவ்வொரு கொழுவுக்கும் தடித்த ஸ்பிரிங் உண்டு. கல்லில் மோதினால் பின்வாங்கி மறுபடி இறங்கும். டிராக்டரை நானே ஓட்டினேன். ஆளுக்கு நாலு சால்.

பிறகு மண்டியிட்டு விரலால் தோண்டி எண்ணினேன். தட்டு மிஷின் போட்டதில் இருபதுக்குப் பதிமூன்று விதை மேலேயே வெயில் காய்கிறது. கொழுவில் நாலுதான் மேலே. "வேகமா ஓட்டிட்டாங்க சார்" என்றான் விற்பனையாளன், என் கணவரிடம். முதல் கியரைத் தாண்டாதவளைப் பற்றி! நல்லவேளை, இவர் வாய் திறந்தார்: "அவங்ககிட்டயே சொல்லுங்க தம்பி. எனக்கு ஒண்ணும் தெரியாது."

நியாயமாக இதையும் எழுத வேண்டும். கொழு, கல்லையும் கிளறி மேலே போட்டிருக்கிறது. நான் எதிர்பார்க்கவில்லை. "பின்னாடியே உருளையை ஓட்டி அமுக்கிடுங்கம்மா" என்கிறார் பட்டறைக்காரர். முன்னாலேயே சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா? ஆனாலும் கொழுதான். உழவு கிளறுவதில் இது கால்வாசிகூட இல்லை.

ஜூன் 18

வாங்கிய கொழு மிஷினோடு விதைக்கப் போனால் காடு முழுக்கச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள். குவாரிக்காரன் அளந்துவிட்டுப் போயிருக்கிறான். அண்ணனுக்குப் போன் போட்டேன். "சும்மா அளந்து பாக்கட்டும்னுதாம்மா…"

சும்மாவா? என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? முளைக்குதா இல்லையான்னு பாக்கக்கூட பொறுமை இல்லையா?

என் பாதியில் இருந்த குச்சிகளைப் பிடுங்கி எறிந்தேன். என் பாதியில் மட்டும் விதைத்தேன். அவர் பாதி அப்படியே கிடக்கட்டும். "அவரு மேல கோவம்னா காடு என்ன பண்ணும்?" என்றார் கணவர். இன்று எனக்கு நியாயம் வேண்டாம்.

ஜூன் 21

மழை இல்லை.

ஜூன் 23

மழை! ஒரு மணி நேரம்.

ஜூன் 29

முளைத்திருக்கிறது. மூன்று முறை எண்ணிவிட்டேன். இருபதுக்குப் பதினான்கு.

ஜூலை 1

அண்ணன் வந்தார், சொல்லாமல். நான் போவதற்குள் காட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் சால் சாலாகப் பச்சை, அந்தப் பக்கம் வெறும் கல்.

வாய் நிறையப் பேச்சு வைத்திருந்தேன் — ஆறு வருடத்துக் கணக்கு, நார் உரித்த கதை, எல்லாம். அவர் திரும்பிப் பார்த்து, "என் பாதி என்னம்மா பாவம் பண்ணிச்சு?" என்றார்.

நியாயமாகக் கோபம் எனக்கல்லவா வரவேண்டும்! இவர் எப்படி முந்திக்கொண்டார்?

அங்கேயே நின்று குவாரிக்காரனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னார். ஈரம் இன்னும் இருக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு அவர் பாதியில் விதைக்கிறேன். அவரை டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்து, மேலே கிடக்கிற விதையை மண் தள்ளி மூடிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். மெல்லிசுச் செருப்பு போட்டிருந்தார். கவனித்தேன், ஒன்றும் சொல்லவில்லை.