உன்னிடம் யாரும் கேட்காத ரெஜிஸ்டர் நம்பர்

இன்று காலை வீட்டுக்குப் பின்னால் நின்று கொய்யா இலையைக் கசக்கி வாயில் போட்டுக்கொண்டேன். வயது நாற்பத்தொன்று. சொந்த வீட்டில், சொந்த மகளுக்குப் பயந்து, திருட்டுத்தனமாக இலை மெல்லுகிற ஆம்பளை. அந்தத் துவர்ப்பு நாக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. வராமல் எங்கே போகும்? இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவனே நீதானே. "தம்மடிச்சுட்டு கொய்யா எலைய மென்னா வார்டன் மூக்குக்கு ஒண்ணும் தெரியாது மாப்ள" என்பாய். வார்டனுக்கு நம் லட்சணம் நன்றாகவே தெரியும் என்பது வேறு விஷயம்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. செத்தவனைத் திட்டக் கூடாது என்கிறார்கள். மரியாதையாக எழுத நாலைந்து முறை உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. அதனால் திட்டியே எழுதுகிறேன்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி நம் காலேஜ், எதிரே பெட்டிக்கடை, அதன் பின்னால் பழைய டயர்கள் கிடந்த இடம். அதுதான் உன் தர்பார். நீ திருச்செங்கோட்டு லாரிக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்களைப் போல விரல் நுனியில் சிகரெட்டைப் பிடிக்க மாட்டாய். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் செருகி, கையை முஷ்டியாக மூடி, கட்டைவிரல் பக்கத்து ஓட்டையில் வாயை வைப்பாய். காற்றடிக்கிற கேபினில் டிரைவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள் என்றாய். நாங்கள் வாயைப் பிளந்தோம். ஒரே வாரத்தில் பத்துப் பேர் கையும் முஷ்டியாகிவிட்டது. இன்ஜினியரிங் படிக்க வந்த கூட்டமாம். ஒருத்தன் தலையைச் சொறிந்தால் மொத்தமாகச் சொறிகிற கூட்டம்.

பிறகு நீ ஒரு பரீட்சை கண்டுபிடித்தாய். புதிதாக வருகிறவன் ஒரு தம் இழுத்து, ஊதாமல், தன் ரெஜிஸ்டர் நம்பரை முழுசாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எண்ணோடும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகை வந்தால் நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறான், பாஸ். முதல் எண்ணிலேயே மொத்தமும் போய்விட்டால் வாயில் வைத்து ஏமாற்றியிருக்கிறான், ஃபெயில்.

நான் முதல் தடவை ஃபெயில். "வாயில வெச்சு ஊதறதுக்கு நீ பேசாம சங்கு ஊதப் போடா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து மூன்று நாள் மொட்டை மாடியில் தனியாகப் பயிற்சி செய்தேன். கணக்கில் அரியர் வைத்திருந்த நான் இதற்குப் பயிற்சி எடுத்தேன். இருமினேன், வாந்தி எடுத்தேன், நாலாம் நாள் பாஸானேன். நீ என் முதுகில் தட்டினாய். பிளஸ் டூ மார்க்கைப் பார்த்து அப்பா தட்டியபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

என் அறையில் இருந்த இளம்பிள்ளை ஊர்க்காரன் ஒருத்தன்தான் வேறு மாதிரி. ஒரு இழுப்பிலேயே இருமிவிட்டு, "எனக்கு இது ஆவாதுப்பா" என்று சிகரெட்டை உன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அவனுக்கு ஊதுவத்தி என்று பெயர் வைத்தோம். கடைசி வருடம் வரை மெஸ்ஸில் யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரே அறையில் படுத்து எழுந்த நானும் உட்காரவில்லை.

சங்ககிரி ரோட்டில் பைக் சறுக்கி நீ போய்ச் சேர்ந்தபோது, கருமாதிக்கு வந்தேன். சாப்பிட்டுவிட்டு உன் வீட்டுக்குப் பின்னால் தென்னை மரத்தடியில் முஷ்டியை மூடிப் பற்றவைத்தேன். உன் அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்தார். நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"குடிங்க சாமி, இருக்கட்டும். அவனுக்குத்தான் பொகையே ஆவாது. சின்னப்புள்ளையிலிருந்தே வீசிங். காலேஜுல சும்மா வாயில வெச்சு ஊதி உட்டுருவேன், ஒருத்தனுக்கும் தெரியாதும்மான்னு சொல்லிச் சிரிப்பான்" என்றார். மகனின் கெட்டிக்காரத்தனத்தைப் பெருமையாகத்தான் சொன்னார்.

மூடிய முஷ்டிக்குள் நீ இழுக்கிறாயா, சும்மா வாயை வைத்திருக்கிறாயா என்று எவனுக்குத் தெரியும்? நாலு வருடத்தில் ஒருத்தனாவது, "எங்கே, நீ உன் நம்பரைச் சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டிருக்கலாம். கேட்க எங்களுக்கு முதுகெலும்பு இல்லை. உனக்கும்தான் இல்லை. ஊதுவத்தி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனதைச் சொல்லப் பயந்து, நாலு வருடம் நாடகம் போட்டாய். அந்த நாடகத்தைப் பார்த்து நான் நிஜமாக நெஞ்சைக் கருக்கிக்கொண்டேன். கேடுகெட்டவனே, என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

போன மாதம் டாக்டர் என்னை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். முள் பாதிகூட நகரவில்லை. நிறுத்தாவிட்டால் மகள் கல்யாணத்தில் மண்டபத்துப் படி ஏற மாட்டீர்கள் என்றார். நாலு தடவை நிறுத்திவிட்டேன். நாலு தடவையும் ஒரு வாரம் தாண்டவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் ஊதுவத்தியின் ஜவுளிக்கடை இருக்கிறது. மகளுக்குத் துணி எடுக்கப் போனேன். தோளில் சேலைக் கட்டோடு மாடிப்படியில் முன்னால் ஏறினான். நான் பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்து, "மெதுவா வாங்க, அவசரமில்லீங்க" என்றான். நாலு வருடம் ஒரே அறையில் இருந்தவன், வாடிக்கையாளரிடம் பேசுவது போலப் பேசினான். எனக்கு அது வேண்டும்தான்.

உன்னை முழுசாக வெறுத்துவிடலாம் என்றால் அதுவும் கூடிவரவில்லை. என் முதுகில் தட்டிய கை அல்லவா. இன்று காலை, இலை மெல்வதற்கு முன்னால், என் கையைப் பார்த்தேன். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் சிகரெட், மூடிய முஷ்டி. அந்தப் பிடி அச்சு அசல் உன்னுடையது. உள்ளே இழுப்பது மட்டும் நான்.