கட்டிலருகே கழற்றிய செருப்பு

14 மார்ச் 1932, திங்கட்கிழமை, மாலை 5 மணி 20 நிமிடம்.
கடைத்தெரு, பினாங்கு.
மடல் எண் 1. பொருள்: உன் செருப்பு.

அன்புள்ள தம்பி,

உன் செருப்புகள் என் மேசைமேல் இருக்கின்றன. மேசைமேல் செருப்பு வைக்க நான் எவரையும் விட்டதில்லை. இன்று நானே வைத்தேன். சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தபோது, உன் ஆஸ்பத்திரி வார்டைக் கழுவும் கார்பாலிக் மருந்தின் வாடை இலேசாக எழுந்தது.

உன் மனைவி காலை பத்து மணிக்கு வந்தாள். வியாழக்கிழமைக் கப்பலில் நாகப்பட்டினம் போகிறாளாம். உன் பொருள்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவருகிறாள். செருப்பு என் கால் அளவுதான், தேயவே இல்லை என்றாள். எப்படித் தேயும், வார்டில் வெறுங்காலோடு திரிந்த கவனக்குறைவுக்காரன்தானே அவன் என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கவனக்குறைவா? நோயாளிகிட்ட போறப்ப கழற்றிடுவாரு, ஐயா. கோயிலுக்குள்ள யாராச்சும் செருப்போட போவாங்களான்னு கேப்பாரு."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் எத்தனை மணிக்குப் போனாள் என்று குறித்துவைக்கவில்லை.

நம் சபையின் கோயில் வாசலுக்கு நான் பொறுப்பாளன்; அது உனக்குத் தெரியும். படியின் கீழ் சுண்ணாம்புக் கோடு போட்டு, செருப்புகள் சோடி பிரியாமல், முனை வெளிப்பக்கம் பார்க்க, கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும் என்று எழுதி ஒட்டியவன் நான். அந்த ஒழுங்கில் ஒருநாளும் பிசகாதவன் நீ ஒருவனே.

1929 ஜூலை 29 அன்று சீதபேதியோடு என்னை நீ ஊழியனாக இருந்த வார்டில் சேர்த்தார்கள். நம் உடல் கடவுள் தங்கும் இடம் என்று போதகர் சொல்லும்போதெல்லாம், அது குடிகாரர்களுக்கான எச்சரிக்கை என்றே எண்ணியிருந்தேன். அவர் அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொண்டுவந்த நாளில் நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நாற்றத்துக்குள் ஆண்டவரை அழைக்கத் துணிவில்லை.

அன்று, கணக்கெழுதும் கிராணியாக இருந்த என்னைக் கழுவிக்கொண்டே நீ கேலி செய்தாய். "கிராணி ஐயாவுக்குத் தன் நாத்தந்தான் ஊர்லயே பெரிசுன்னு நெனப்பு. ஆண்டவரு மாட்டுக்கொட்டில்ல பொறந்தவரு, ஐயா."

உன் செருப்புகள் கட்டிலிலிருந்து இரண்டு சாண் தள்ளி, சோடியாக, முனை வெளிப்பக்கம் பார்க்க நின்றன. தினமும் பார்த்தேன். ஒழுங்கான ஆள் என்று மெச்சிக்கொண்டேன். அது நானே கோயில் வாசலுக்கு விதித்த முறை என்பது எனக்குத் தோன்றவில்லை. இரண்டரை ஆண்டுகள் தோன்றவில்லை.

ஆகஸ்டு 9, வெள்ளிக்கிழமை. மருந்து ஏழு நிமிடம் தாமதமாக வந்தது. கோபத்தில் கண்ணாடிக் குவளையைத் தட்டிவிட்டேன். நீ முணுமுணுக்காமல் பெருக்கினாய். பிறகு செருப்பைக் கழற்றிவைத்து, என்னைத் தூக்கி உட்காரவைக்க வந்தாய். கட்டிலடியில் ஒரு சில்லு மிஞ்சியிருந்தது. அதை உன் குதிகாலிலிருந்து பிடுங்குவதற்கு முன் என் தலையணையைச் சரிசெய்தாய்.

செருப்பு எதற்குத்தான் இருக்கிறது என்று அதட்டினேன்.

"வெளியில நடக்கறதுக்கு, ஐயா" என்று சிரித்தாய்.

அன்று பிற்பகலே உன்மேல் ஒரு புகார் எழுதினேன். பதினொரு நாள் கழித்து, அந்தக் குதிகால் காயம் விஷமாகி, தாடை பூட்டிக்கொண்டு நீ இறந்தாய். நான் அதற்குள் குணமாகி வீடு திரும்பியிருந்தேன். உன் குழியருகே நின்று, செருப்பு போட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். அது உண்மை. அந்த உண்மையைத்தான் இன்று என்னால் தாங்க முடியவில்லை. நான் நாறிக் கிடந்த கட்டிலை நீ கோயில் என்று கண்டாய். குவளையைத் தட்டிவிட்ட பிறகும் அப்படியே கண்டாய்.

இன்று நான்கு மணிக்குக் குளிக்கப் போனேன். குளியலறை வாசலில் கால் நின்றுவிட்டது. மிதியடியைக் கழற்றி, சோடியாக, முனை வெளிப்பக்கம் பார்க்க வைத்தேன். எழுபத்தொரு வயதில் முதல்முறையாக, என் உடம்பைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. எனக்குள்ளே இருப்பவரிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டிருக்கிறேன், இப்போதைக்கு அவ்வளவே.

இத்துடன் இணைத்திருப்பவை:

1. 9 ஆகஸ்டு 1929 அன்று உன்மேல் எழுதிய புகாரின் நகல், ஒரு தாள். குறுக்கே அடித்திருக்கிறேன்.
2. கோயிலில் செருப்பு விடும் முறை, என் கையெழுத்தில், ஒரு தாள். "படியின் கீழ்" என்பதை அடுத்து, "கட்டிலருகிலும்" என்று இன்று சேர்த்திருக்கிறேன்.