கடைசியில் வருபவர் அணைக்க வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று வேனில் மூன்று பேர் தூங்கிப்போய் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டார்கள். திரும்ப ஓட்டி, தட்டி எழுப்பி, இறக்கிவிட்டேன். "அண்ணே, நீங்க ஓட்டினா தொட்டில் மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். நாளையிலிருந்து பாட்டும் பாடுகிறேன் என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்காரியைக் கூட்டிவரப் போனேன். அவள் ஆபீஸில் பாலம், குழாய், தண்ணீர்த் தொட்டி என்று வரைகிறார்கள். வரைகிற எஞ்சினியர்கள் அறுபது பேர். ஆளுக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர். அந்த அறுபதுக்கும் வைத்தியம் பார்க்க என் பெண்டாட்டி ஒருத்திதான்.

வண்டியில் ஏறியவள் பெல்ட்டைக்கூட மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வரையிற சாஃப்ட்வேர் மாறுதுங்க. பழசு இந்த மாசத்தோட நின்னுடும். அதுக்குள்ள எல்லா மெஷின்லயும் புதுசு போடணும்."

"போடு."

"ஒண்ணுக்கு ஒரு மணி நேரம் ஆகும். வேலை நாள்ல எவனும் எழுந்து இடம் தரமாட்டான். சனி ஞாயிறு மட்டும்தான்."

பெல்ட்டை இழுத்து மாட்டினாள். எனக்கும் புரிந்தது. மாசக் கடைசியில்தான் எங்கள் மகள் பாப்பாவுக்குப் பிரசவம். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயிலில் போக வேண்டிய ஊர்.

போன வருஷம் பாப்பாவுக்கு மூன்றாம் மாசத்தில் கரு தங்காமல் போனது. ஃபோன் வந்தபோது இவள் யாரோ ஒரு எஞ்சினியரின் மெஷின் முன்னால் உட்கார்ந்து "நெக்ஸ்ட்" பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் போக முடிந்தது. அதற்குள் பாப்பா அழுது முடித்திருந்தாள். "அழறப்போ நான் இல்லையே" என்று இவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

மார்ச் 8, சனி

நானும் ஆபீஸுக்குப் போனேன். வீட்டில் தனியாக இருந்து யாரைக் கேலி செய்வது?

எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்தாள். வேலை இதுதான்: திரையில் பெட்டி வரும், நெக்ஸ்ட் அமுக்கணும். இன்னொரு பெட்டி வரும், சரி என்று அமுக்கணும். அப்புறம் ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊரும். அது கடைசிக்குப் போனதும் இன்னொரு பெட்டி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. ஆனால் பொத்தான் எங்கே வரும் என்று தெரிந்துவிட்டது.

பொழுது போக மெஷின்களுக்குப் பெயர் வைத்தேன். விசிறிச் சத்தம் காதைப் பிளக்கிறதே, அது ஹெலிகாப்டர். ஒன்றுக்குப் பத்துக் கேள்வி கேட்பது மாமியார். பளபளவென்று இருந்து உள்ளே ஒன்றுமே இல்லாதது மாப்பிள்ளை. கீழ்த்தளத்தில் மாடிப்படி ஓரமாக ஒன்று, எழுந்திருக்கவே அரை மணி நேரம். சோம்பேறி.

"மாப்பிள்ளை காதுல விழுந்தா உங்களுக்கு இருக்கு" என்றாள். ஆனால் சிரித்தாள்.

நாள் முழுக்க உட்கார்ந்தும் ஐந்தாறுதான் முடிந்தது. அதிலும் மாமியார் கடைசிப் பெட்டியில் மக்கர் பண்ணி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இந்தக் கணக்கில் போனால் பேரப்பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஊருக்குப் போவோம்.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது தட்டில் கை வைத்துக்கொண்டே யோசித்தாள்.

"என்னங்க, நேத்து நீங்க அமுக்கினது எல்லாம் ஒரே மாதிரிதானே இருந்துது?"

"ஒரே மாதிரிதான். என் விரலைக் கேட்டுப் பார்."

"அப்போ அதை எழுதிட்டா? பழசை எடு, புதுசைப் போடு, கேள்வி கேட்டா இந்தப் பதிலைச் சொல்லு, முடிஞ்சதும் திரும்ப எழுந்திருன்னு வரிசையா எழுதி வெச்சுட்டா, எல்லா மெஷினும் ஒரே நேரத்துல தானே செய்யும். ஸ்கிரிப்டுன்னு சொல்வாங்க. சின்ன வேலைக்கு எழுதியிருக்கேன். இவ்வளவு பெருசுக்கு எழுதினதில்ல."

"மாமியார் கேள்வி கேட்குமே?"

"சத்தமில்லாம போடறதுன்னு ஒரு வழி இருக்குங்க. அப்படிச் சொல்லிட்டா எதுவுமே கேட்காது."

உங்க அம்மாவுக்கும் அப்படி ஒரு வழி இருக்கா என்றேன். அதோடு இரண்டாம் தடவை சோறு கிடைக்கவில்லை.

மார்ச் 12, புதன்

எழுதுகிறாள். காலையில் நான் வண்டி எடுக்கும் முன்னாலும் எழுதுகிறாள், வந்த பிறகும் எழுதுகிறாள். எனக்குத் திரையில் பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது. அவளுக்கு அதில் என்னவோ தெரிகிறது. மூக்கு நுனியில் கண்ணாடி, உதட்டில் பேனா. கல்யாணத்துக்கு அப்புறம் தபால் வழியாகப் படித்தாளே, அப்போதும் இதே முகம்தான். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு படிப்பாள். நான் டீ போட்டுக் கொடுப்பேன்.

இன்றும் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை மறந்துவிட்டேன். அவளும் கவனிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மேனேஜர் சொன்னாராம்: "நாளைக்கு மாடியில ஓட்டிக் காட்டுங்க. நீங்க பக்கத்துல இல்லாமலே வேலை முடிஞ்சா, தாராளமா ஊருக்குப் போங்க."

பாப்பாவுக்கு ஃபோன் செய்தோம். "வரேன்னு சொல்லாதம்மா, வந்து நில்லு" என்றாள். பிறகு, "கோவமெல்லாம் இல்லம்மா" என்றாள்.

மார்ச் 15, சனி

எப்படி எழுதுவது இதை.

காலையில் போனோம். மாடியில் முப்பது மெஷின். அவள் தன் இடத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு வரி அடித்தாள், ஒரே ஒரு தடவை அமுக்கினாள். அவ்வளவுதான். பெட்டி வரவில்லை, பச்சைக் கோடு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் திரைகள்கூட இருண்டுவிட்டன. "ஓடுதா?" என்றேன். "ஓடுது. சத்தமில்லாம" என்றாள். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வெளியே வந்தவள் மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"மூணு மணி நேரம் ஆகும். வாங்க, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம்" என்று முன்னால் இறங்கிவிட்டாள், வாட்ச்மேன் மீசையிடம் சொல்லிவிட்டு வர.

நான் கடைசியாக வந்தேன். வீட்டில் இருபத்தைந்து வருஷமாக ஒரே பாட்டு: கடைசியில் வருபவர் அணைக்க வேண்டும். ஒரு நாள் நான் கேட்டதில்லை. இன்று அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அவளுக்காக எதையாவது ஒழுங்காகச் செய்யணும் போல இருந்தது. சுவரோரமாக வரிசையாகச் சுவிட்சு. டப், டப், டப்.

பாதி வழியில் பெருமையாகச் சொன்னேன். "மேடம், இன்னைக்கு நானே எல்லாத்தையும் அணைச்சுட்டு வந்தேன்."

"எல்லாத்தையும்னா?"

"ஃபேன், லைட்டு, சுவத்துல இருக்கிற அத்தனையும்."

என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். அப்புறம், "வண்டியைத் திருப்புங்க" என்றாள்.

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதிலுக்குப் பேசியிருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

நடுவில் கரண்டு நின்றதில் பழசு பாதி போய், புதுசு பாதி வந்து, மாடியில் எந்த மெஷினிலும் ஒரு கோடுகூட வரைய முடியாது. திங்கட்கிழமை ஆட்கள் வந்து உட்காரணுமே. இருவருமாகப் பழசையே திரும்பப் போட்டோம்; அது சின்னது, பத்து நிமிஷத்தில் ஏறிவிடுகிறது. அவள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், சரி.

நான் வாயைத் திறக்கவில்லை. பாதி நாள் பொறுத்தாள்.

"என்னங்க, உடம்புக்கு ஏதும் முடியலையா? இவ்வளவு நேரம் நீங்க பேசாம இருந்து நான் பார்த்ததில்ல."

"என்ன பேசறது? நான் பண்ணின வேலைக்கு..."

"இருபத்தஞ்சு வருஷமா சொன்னதை ஒரு நாள் கேட்டீங்க. அந்த ஒரு நாள் இதுதானா கிடைச்சுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் நாற்காலியோடு உருண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சக்கரம் வைத்த நாற்காலியில் அது ஒரு வசதி.

மார்ச் 17, திங்கள்

மேனேஜர் சொல்லிவிட்டாராம்: "சுவிட்சு அணைஞ்சாலே செத்துப்போற ஸ்கிரிப்டை நம்பி உங்களை அனுப்ப முடியாதும்மா."

நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "வேண்டாம். நீங்க இல்லாட்டி கரண்டு போயிருக்கும். அவர் கேட்டது நியாயம்தான்" என்றாள். மறுபடி கண்ணாடி மூக்கு நுனிக்குப் போய்விட்டது.

மார்ச் 20, வியாழன்

இப்போது ஸ்கிரிப்ட் முதலில் சுற்றிப் பார்க்குமாம். போன தடவை எதுவரை செய்தோம், பாதியில் ஏதாவது கிடக்கிறதா என்று. கிடந்தால் கூட்டித் தள்ளிவிட்டு அந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளும். கரண்டு வந்தால் மெஷின் தானே எழுந்துகொள்ளும்படியும் ஒவ்வொன்றாகப் போய் மாற்றிவைத்துவிட்டாளாம்.

"நீங்க செஞ்சுட்டே இருக்கிற வேலையை விட்டுட்டு டீ குடிக்கப் போவீங்களே, திரும்பி வந்தா எங்க விட்டோம்னு தெரியாம முழிப்பீங்களே, அப்படி இருந்துது. இப்போ என்னை மாதிரி."

இரண்டாவதாக ஒரு பெண்டாட்டியைச் செய்திருக்கிறாள் என்று தெரிந்தது.

மார்ச் 21, வெள்ளி

"நாளைக்கு நீங்க வரணும். மேனேஜர் முன்னாடி சுவிட்சை அணைக்க ஆள் வேணும்."

"நானா?"

"உங்களை மாதிரி அணைக்க யாரால முடியும்? எப்போ அணைப்பீங்கன்னு உங்களுக்கே தெரியாது."

மார்ச் 22, சனி

மேனேஜர், அவள், நான். மேனேஜர் கை கொடுத்து "நீங்கதான் கரண்டா?" என்று கேட்டார். தெரிந்துதான் கேட்டாரா என்று விளங்கவில்லை. ஆமாம் சார், அடிக்கடி போவேன் என்றேன்.

அவள் ஒரு தடவை அமுக்கினாள். திரைகள் இருண்டன. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். ஜன்னலைப் பார்த்தேன். மேனேஜரிடம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தேன். அவர் பதில் சொல்ல ஆரம்பித்ததும் டப். அடுத்த வரிசை, டப். இந்தத் தடவை எண்ணிக்கொண்டே அணைத்தேன். போன தடவை எண்ணவில்லையே.

மறுபடி போட்டேன். ஒவ்வொன்றாக மூச்சு விட்டன. ஹெலிகாப்டர் கத்தியது. அவள் எங்களைப் பார்க்கவில்லை, தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

மாடி முழுக்க முடிந்தது. மாமியார்கூட.

"கீழ்த்தளத்தை அடுத்த சனிக்கிழமை அங்கேருந்தே ஓட்டுங்கம்மா" என்றார் மேனேஜர். "கரண்டையும் கூட்டிட்டுப் போயிடுங்க."

மார்ச் 24, திங்கள்

ரயில். ஜன்னலோரம் எனக்கு என்று சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 25, செவ்வாய்

கதவைத் திறந்தது பாப்பா. வயிறு இடிக்கிறது என்று பக்கவாட்டில் நின்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நானும் மாப்பிள்ளையும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நல்ல பையன். அந்தப் பெயரை மெஷினுக்கு வைத்தது தப்பு.

மார்ச் 27, வியாழன்

பெண் குழந்தை. பாப்பா உள்ளே கத்தினபோது அவள் அம்மா பக்கத்தில் இருந்தாள். பாப்பா அவள் கையை நெரித்து வைத்திருக்கிறாள், இன்னும் சிவந்திருக்கிறது. அதை இவள் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 29, சனி

ஆஸ்பத்திரி அறை. மத்தியானம் மடியில் கம்ப்யூட்டரை வைத்து ஒரு தடவை அமுக்கினாள். பிறகு என் ஃபோனை வாங்கி ஏதோ தட்டிக் கொடுத்தாள்.

"முடிய முடிய உங்களுக்குச் சேதி வரும். நான் கொஞ்சம் கண்ணை மூடறேன்" என்று நாற்காலியில் சாய்ந்தாள். குழந்தை அவள் மார்பில். இரண்டு நாளாக இரண்டும் சரியாகத் தூங்கவில்லை.

முதல் சேதி வந்தது. தமிழில். "அழுமூஞ்சி – முடிந்தது." அப்புறம் "குண்டன் – முடிந்தது." நான் வைத்த பெயர் ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருக்கிறாள். எனக்குப் படிக்க வரணுமே என்று.

நடுவில் வரிசையாக, "கரண்டு போனது." நான் இங்கேதானே இருக்கிறேன், யார் அணைத்தது? அவளை எழுப்பக் கை போனது. குழந்தையின் வாய் லேசாகத் திறந்திருந்தது, அவளுடையதும். எழுப்பவில்லை. கொஞ்ச நேரத்தில், "மறுபடி ஆரம்பம்." "மறுபடி ஆரம்பம்." ஒவ்வொன்றாக எழுந்துகொண்டன.

சோம்பேறி மட்டும் எழவில்லை. வெளியே போய் மீசைக்கு ஃபோன் போட்டேன். மாடிப்படி ஓரத்து மெஷினில் பெரிய பொத்தானை ஒரு தடவை அமுக்கச் சொன்னேன்.

"அமுக்கினா வெடிக்காதே?"

"வெடிச்சா எனக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க."

ஜன்னலில் வெளிச்சம் குறைகிற நேரத்துக்கு வந்தது: "சோம்பேறி – முடிந்தது."

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "எல்லாமா?"

"எல்லாம்."

பாப்பாவும் தூங்கிவிட்டாள். மாப்பிள்ளை சாப்பாடு வாங்கப் போயிருக்கிறான். நான்தான் கடைசி. எழுந்து சுவிட்சு பக்கம் போனேன்.

"இருக்கட்டுங்க" என்றாள். இப்போது கண்ணைத் திறந்திருந்தாள், குழந்தையைப் பார்த்துக்கொண்டு. "பார்க்கணும்."

விளக்கு எரிகிறது. நான் கை வைக்கவில்லை.