வாளியில் ஒட்டிய எண்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அம்மா எழுதுவது. அப்பா விழவில்லை, அடிபடவில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறார். நானும் கடைக்கும் வீட்டுக்கும் படியேறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். இதைப் படித்து ஒருதரம் மூச்சு விட்டுக்கொள், பிறகு மேலே படி. நம் வீட்டில் கரண்ட் போகவில்லை. அப்பா பக்கவாதத்தில் பேச்சும் போய்ப் படுத்தபிறகு அவர் கட்டிலுக்கு எதிரே நீ மாட்டிவிட்டுப் போன கேமராவைச் சுவரிலிருந்து பிடுங்கியது நான்தான். முன்பின் சம்பந்தமில்லாத ஒரு ஆள் அதற்குள் புகுந்து உன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ போன் செய்து ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் கரண்ட் என்றேன், எலி ஒயரைக் கடித்துவிட்டது என்றேன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். போனைத் தொடவே பயமாக இருந்தது, இன்னொரு காது கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரியே ஒரு நினைப்பு. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே, பேனா பிடித்து நாளாயிற்று.

அன்றைக்கு மதியம் கடையில் ஒரு ஹோட்டல்காரருக்குத் தண்ணீர் டிரம் காட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பார்த்துக்கொள்கிற நர்ஸம்மா மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போயிருந்தார். அப்போது மேலே நம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல், "யாராவது வாங்க, ஐயா கீழ விழப்போறாரு" என்று கத்துகிறது. டிரம்மை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அப்பா பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே, இடதுகையால் விளிம்பைப் பிடித்துத் தொங்காத குறை. பதற்றத்தில் நான் வலது தோளைப் பிடிக்கப் போனேன். "அந்தக் கைய இழுக்காதீங்கம்மா, அது அவருக்கு வலிக்கும், இடுப்பப் புடிங்க" என்கிறது குரல். இடுப்பைப் பிடித்து ஏற்றிப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அறையில் ஈ காக்கை இல்லை, குரல் வந்தது நீங்கள் பேசுகிற அந்தக் கேமராவிலிருந்து. நான் ஒரு பைத்தியக்காரி, "மாப்பிள்ளை, நீங்களா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டேன். ஒரு இருமல் மட்டும் வந்தது. வலதுகை வலிப்பது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், நர்ஸம்மாவுக்கும் டாக்டருக்கும் தெரியும். வேறு எவனுக்கு எப்படித் தெரியும்? அதைவிட, அந்த இருமலை எனக்குத் தெரியும். எதிர் மாடியில் தனியாகக் குடியிருக்கிறாரே, பால்கனியில் நின்று தெருவே கேட்க இருமுவார், நர்ஸம்மாகூட அவருக்கு இருமல்காரர் என்றே பேர் வைத்திருக்கிறார், அவருடைய இருமல் அது. கேமராவைப் பிடுங்கித் தண்ணீர் வாளிக்குள் போட்டேன். அது பாழாய்ப்போச்சு, அதற்கு என்னைத் திட்டாதே.

வைஃபை கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினேன், ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள், வாயாடி, ஆனால் வேலையில் கெட்டி. லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். மூன்று பேர் என்றேன். "மூணு பேரா? உள்ள பார்த்தா பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கேம்மா" என்றாள். டீக்கடை டிவி நம் வைஃபையில் ஓடுகிறதாம். தையல்காரர் போன், பின்தெரு ஹாஸ்டல் பிள்ளைகள், இன்னும் யார் யாரோ. பாஸ்வேர்டு என்ன என்று கேட்டாள். நான் பெருமையாக, "அந்த வாளியத் திருப்பிப் பாரும்மா" என்றேன். கடைக்கு வந்து காத்திருக்கிறவர்களுக்கெல்லாம் நான் அப்படித்தானே சொல்வேன்! அவள் வாளியைத் திருப்பினாள், அடியில் ஒட்டியிருக்கிற நம் ஸ்டிக்கரில் கடை போன் நம்பரைப் படித்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வாளிக்கு ஒரு சாவின்னு ஊரு பூரா வீட்டுச் சாவிய வித்திருக்கீங்களே, இலவசமாவா குடுத்தீங்க?" என்றாள். எனக்கு முகம் போன இடம் தெரியவில்லை. தலையில் பிளாஸ்டிக் சாமான் சுமந்து விற்று, கடை பிடித்து, முதன்முதலாக வாங்கிய நம்பர் அது. ராசியான நம்பர் என்று வைஃபைக்கும் அதையே வைத்தேன். நீயும் லேசுப்பட்டவளா? அம்மா மறக்கமாட்டாள் என்று கேமராவுக்கும் அதையே போட்டாய். அந்த மனுஷன் தினமும் குளிக்கிற வாளியும் நம் கடையில் வாங்கியதுதான்.

எதிர் மாடிக்கு நானே போனேன், நர்ஸம்மாவையும் கூட்டிக்கொண்டு. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார். மறுக்கவில்லை. வைஃபைக்கு வாளி நம்பரைப் போட்டாராம், உள்ளே ஒரு கேமரா தெரிந்ததாம், அதுவும் அதே நம்பரைக் கேட்பதுபோல் இருந்ததாம், போட்டாராம், திறந்ததாம். அவர் மனைவியும் படுக்கையிலேயே கிடந்துதான் போனாராம். "ஒரு மனுஷரைப் பார்த்துக்கறத பார்க்கணும்போல இருந்துச்சும்மா, வேற எண்ணம் இல்ல" என்றார். எனக்கு ஒரு நொடி மனசு இளகியது, பொய் சொல்லவில்லை. ஆனால் உடம்பு துடைப்பதும் துணி மாற்றுவதும் அந்தக் கட்டிலில்தானே நடக்கிறது, அத்தனையையும் அல்லவா பார்த்திருக்கிறார்! "துக்கம்னா கதவத் தட்டியிருக்கணும், உள்ள கூப்பிட்டு உட்காரவெச்சிருப்பேன். திருட்டுத்தனமா எட்டிப்பார்க்கறதுக்குப் பேரு துக்கம் இல்ல" என்றேன். அவர் கத்தியதால்தான் அப்பா தப்பித்தார், அதற்குக் கைகூப்பி நன்றி சொன்னேன். பார்த்ததை மன்னிக்கவில்லை, அதையும் சொன்னேன். அதற்கு இது சரியாகப் போச்சு என்று நான் கழித்துக்கொள்ளவில்லை. இன்னொரு தரம் என்றால் போலீஸ்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஸ்கூட்டர் பெண் எல்லாவற்றையும் மாற்றிக்கொடுத்தாள். கடைக்கு வருகிறவர்களுக்கு இனித் தனி வைஃபை, அதில் நுழைந்தால் வீட்டுச் சாமான் எதுவும் கண்ணில் படாது. வீட்டுக்கு வேறு, அதற்கு நீளமான பாஸ்வேர்டு, நம்பரும் இல்லை பேரும் இல்லை, ஒன்றுக்கொன்று ஒட்டாத சொற்கள், எனக்குள்ளேயே இருக்கிறது, இந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன். ரூட்டரைத் திறக்கிற பாஸ்வேர்டு கம்பெனியில் வந்ததே இத்தனை நாள் இருந்திருக்கிறது, அதையும் மாற்றினாள். அப்டேட் தானாக ஆகும்படி வைத்தாள். டீக்கடைக்காரர் வந்து டிவி நின்றுபோச்சு அக்கா என்று என்னிடமே புகார் சொன்னார், என் வாயால் நல்லதாக இரண்டு வாங்கிக்கொண்டு போனார். நீயும் உன் வீட்டில் இதையெல்லாம் இன்றைக்கே பார், குழந்தை அறையில் கேமரா வைத்திருக்கிறீர்களே அதை முதலில் பார், ராசி நம்பரைத் தலை முழுகு.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன் குட்டிம்மா. புது கேமராவை மாட்டப் போனபோது அப்பா இடதுகையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். வெக்கையில் ஏன் இப்படி என்று கேட்டேன். நர்ஸம்மா சொன்னார், "அவரு எப்பவும் அப்படித்தாம்மா, அந்தக் கேமரா மாட்டின நாள்ல இருந்தே. குளிர்னு நெனச்சேன்." நீகூட அதைப் பார்த்துவிட்டுத்தானே அப்பாவுக்குக் குளிர்கிறது, ஃபேனைக் குறையுங்கள் என்று அடிக்கடி போன் செய்வாய். நான் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருமல்காரர் பார்த்தது அன்றைக்கு அவர் கத்தும்வரை அப்பாவுக்குத் தெரியாது. நீ பார்த்ததும் நான் பார்த்ததும் தெரியும். பேச்சு போனால் வெட்கமும் போய்விடுமா? மாட்டட்டுமா என்று அவரிடம் நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் அவரிடமே பேரம் பேசினேன். நாள் பூரா என்றேன், கண்ணை மூடிக்கொண்டார். கேமராவே வேண்டாமா, மகளைப் பார்க்கவேண்டாமா என்றேன், பட்டென்று கண்ணைத் திறந்தார். காலையும் சாயங்காலமும் என்றேன், ஒரு விரலை நீட்டினார். பிறகு அதே விரலால் தாடியைத் தடவினார், நெஞ்சில் சட்டைப் பித்தான் இருக்கவேண்டிய இடத்தைத் தொட்டார். இவ்வளவு கறாரான ஆளிடம் என் வியாபாரத்தில் நான் பேரம் பேசியதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா, பார்க்காமல் பார்த்தேன் என்று சொல்லாதே. கேமராக் கணக்குக்கு உன் பக்கத்துப் பாஸ்வேர்டை மாற்றியபிறகே இணைப்பைக் கொடுப்பேன், மறக்காதே. பேசி முடித்தது இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு வேளை, சாயங்காலம். முகம் மழித்து, சட்டை போட்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். நீ முதலில் எனக்குப் போன் செய்து கேட்கவேண்டும். அவர் இடதுகையைத் தூக்கினால் கேமரா மேல் போட்டிருக்கிற துணியை எடுப்பேன். தூக்காவிட்டால் அன்றைக்குக் கிடையாது, ஏன் என்று கேட்கவும் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா