பத்தாம் வகுப்பில் ஒரு டேஞ்சர் டைகர்

சிட்லபாக்கம்,
செவ்வாய்க்கிழமை காலை, மழை விட்டிருக்கிறது.

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு அப்பா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், வீடும் சுகம், மாடித் தண்ணீர் இந்த வருஷம் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே கிளாஸ்கோவில் நீயும் மாப்பிள்ளை ஜோஸ்வினும் சளி, இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, அதிகம் சண்டை போடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அந்தக் குளிரில் பொழுது போகாது. வாட்ஸப் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாளும் பேனாவுமாய்க் கிளம்பினார் என்று நினைப்பாய். என் போனை உன் அம்மா தினமும் காலையில் காபிக்கு முன்னால் ஒரு தடவை பார்வையிடுகிறாள், சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். அதனால் ஏரிக்கரைக்கு வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, இங்கே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டாக்டர் கேட்டால் நான் நடந்துகொண்டிருக்கிறேன் என்று நீயும் சொல்ல வேண்டும். விஷயம் என்னவென்றால் உன்னிடம் சொல்லவே கூடாது என்று அம்மா எனக்குக் கட்டளை போட்டிருக்கும் ஒன்றைச் சொல்லப் போகிறேன், பத்து நாளாக அடக்கி வைத்து வயிறு வீங்கிவிட்டது எனக்கு.

ஜூன் மாதம் அம்மா பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கி மாட்டினார்கள் என்று அப்போதே சொன்னேன் அல்லவா. மாட்டின வேகத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அதற்கெல்லாம் சிவப்பு வெல்வெட்டில் குஞ்சம் வைத்து உறை தைக்கச் சொன்னார்கள். பிரசங்க பீடம் மாதிரி ஒவ்வொரு வகுப்பிலும் அது போர்த்திக்கொண்டு நின்றது. டீச்சர்மார் அதன் பக்கம் போகும்போது புடவை முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போவார்களாம், துணி பட்டு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று. செப்டம்பரில் தாளாளர் ஐசக் ஐயா ஒரு கூட்டம் போட்டார். இவ்வளவு செலவு செய்து உறை பார்க்கவா வாங்கினோம், பத்தாம் வகுப்பு எடுக்கிற ஒவ்வொருவரும் இந்த வசதியெல்லாம் வைத்து ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும், நானே வந்து பார்ப்பேன், முடியாதவர்களுக்கு ஏழாம் வகுப்பு கொடுத்துவிட்டுப் பத்தாம் வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். உன் அம்மாவுக்கு மே மாதம் ஓய்வு. இதுதான் அவளுடைய கடைசிப் பத்தாம் வகுப்பு. சமூக அறிவியலில் இந்தப் பிள்ளைகளைப் பரீட்சை எழுத வைத்து, ஹால் வாசல் வரை கூடப் போய் அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அப்பளம் பொரித்தேன்.

உன்னிடம் கேட்கச் சொன்னேன். கேட்க மாட்டேன் என்றாள். ஜூனில் ஒரு தடவை ஸ்கிரீனை எப்படிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது என்று உன்னிடம் கேட்டாளே, நினைவிருக்கிறதா? நீ ஆபீசில் இருந்தாய், அவசரம். இதுகூடவா தெரியலம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அங்கே இருந்தபடியே எங்கள் கம்ப்யூட்டரை உன் கைக்கு எடுத்துக்கொண்டு சரசரவென்று நாலு இடத்தில் அமுக்கி, அவ்வளவுதான்மா, ஈஸி என்று போனை வைத்துவிட்டாய். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்புக்குறி தானாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை கண்ணு, கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பெரிய பெரிய ஆட்களுக்கு சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுக்கிறவள் நீ, வீட்டு மனுஷர்களுக்கு மட்டும் எல்லாருக்குமே பொறுமை கம்மிதான். நானே பார், ரயில்வேயில் எத்தனை பேருக்கு சிக்னல் வேலை பழக்கினவன், உன் அம்மாவுக்குப் பழக்க உட்கார்ந்த மூன்றாம் நிமிஷம் குரலை உயர்த்திவிட்டேன். நீங்க முதல்ல டிவி ரிமோட்ல உங்க நியூஸ் சேனலைக் கண்டுபிடிங்க, அப்புறம் எனக்குச் சொல்லித் தரலாம் என்று அவள் எழுந்து போய்விட்டாள். உண்மைதான், அந்த ரிமோட் எனக்குக் கட்டுப்படுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் ஆஷா என்று ஒரு பெண், பொத்தேரி காலேஜில் படித்துவிட்டு நேராக வேலைக்கு வந்தது, தங்கமான பிள்ளை. மிஸ் நான் ஹெல்ப் பண்றேன் மிஸ் என்று அதுவும் வந்தது. ஆனால் மின்சார ரயில் பல்லாவரத்தில் நிற்காமல் போகிற வேகத்தில் பேசும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணுங்க, ஆனா ஒண்ணும் புரியல என்பாள். எனக்கு இதெல்லாம் வராது, ஏழாம் வகுப்பே எடுத்துக்கறேன்னு எழுதிக் குடுத்துடறேன் என்று ஒருநாள் தாளையே எடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில்தான் நான் அவளைப் பிடித்தேன். உனக்குத் தெரியும், சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கம் விடியற்காலையில் ஆன்லைனில் ஜெபக்கூட்டம் நடத்துகிறது, அதை நடத்துவது யார் என்று நினைக்கிறாய், சாட்சாத் உன் அம்மா, ஞானஜோதி அம்மாள். நான் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கேட்கிறேன், இவள் பாட்டு வரிகளை எல்லார் திரையிலும் காட்டுகிறாள், பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் கூப்பிடுகிறாள், சேலையூர் அம்மா ஒருவர் உலகத்திலுள்ள நாடுகளுக்கெல்லாம் வரிசையாக ஜெபிக்க ஆரம்பித்து ஆப்பிரிக்காவைத் தாண்டவும், ஆமென் என்று சொல்லி அவர் மைக்கைத் தயவு தாட்சண்யமில்லாமல் அடைத்துவிட்டாள். நான் எழுந்து உட்கார்ந்து, அடிப்பாவி, எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஊரெல்லாம் அழுகிறாயே, இது என்ன என்று கேட்டேன். அது வேற, இது வேற, அது ஜெபம் என்றாள். பத்தாம் வகுப்பையும் ஒரு ஜெபக்கூட்டம்னு நெனச்சுக்கோயேன், அங்கேயும் பாதிப் பேர் தூங்குறானுங்க என்றேன். கர்த்தருடைய காரியத்தில் விளையாடுறீங்க என்று அன்று சாயந்திரம் வரை என்னோடு பேசவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் போகவில்லை. வந்தால் ரிமோட்டை ஒளித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

ஐசக் ஐயா அம்மாவின் வகுப்பைப் பார்க்க வரும் நாள் வந்தது, கூடவே மழையும் வந்தது. எப்படிப்பட்ட மழை, தாம்பரம் சுரங்கப்பாதை நிரம்பி, பள்ளிகளுக்கு லீவு. வகுப்பை ஆன்லைனில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், தாளாளரும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்ப்பாராம். அம்மா புடவை மாற்றி, கர்சீப் எடுத்து, ஜெபம் பண்ணி, என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, தும்மக்கூடக் கூடாது என்று எச்சரித்துவிட்டு ஆரம்பித்தாள். ஜெரூ, நான் அசந்துவிட்டேன். வானத்திலிருந்து எடுத்த வரைபடத்தைத் திரையில் காட்டி, இதோ பார் நம்ம ஏரி, இதோ உன் வீட்டுத் தெரு, இப்போ நம்ம மாடில விழற தண்ணி எங்கே போகுதுன்னு பாப்போமா என்று ஒவ்வொரு வாய்க்காலாகக் கோடு போட்டுக் காட்டுகிறாள். பிள்ளைகள் எங்க வீடு மிஸ், எங்க தெரு மிஸ் என்று கத்துகிறார்கள். நடுவில் டேஞ்சர் டைகர் என்று ஒரு பெயர் உள்ளே வந்தது. முகம் இல்லை, படத்தில் ஒரு புலி கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தது. பின்னாலேயே அவர்கள் வீட்டு மிக்சி சட்னி அரைக்கிற சத்தம். உன் அம்மா சும்மா இருப்பாளா, யாருப்பா அது டேஞ்சர் டைகர், டிபன் முடிச்சிட்டு வரலாமே என்று சொல்லி மைக்கை அடைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, நம்ம ஏரி நிரம்பினா தண்ணி அடுத்து எந்த ஏரிக்குப் போகும் என்று கேள்வி கேட்டாள், கேட்டுவிட்டு, டேஞ்சர் டைகர் சொல்லட்டும் என்றாள். புலி அசையவில்லை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அம்மா அவர்களை அதட்டிவிட்டு, குரலை இறக்கி, மைக் திறக்கத் தெரியலயா கண்ணா, பரவாயில்ல, எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு என்றாள். கீழே ஒரு மைக் படம் இருக்கும் பாரு, குறுக்கே கோடு போட்டிருக்கும், அதை ஒரு தடவை தொடு, ஒண்ணும் உடையாது, தப்பா அமுக்கினாலும் திரும்ப வந்துடலாம், மெதுவா பண்ணு, நான் காத்திருக்கேன் என்றாள். நிஜமாகவே காத்திருந்தாள். கடைசியில் அது எதையோ அமுக்க, கேமராவும் சேர்ந்து திறந்து, பனியனும் குரங்குக் குல்லாவுமாய் ஐசக் ஐயா திரை முழுக்க வந்து நின்றார்! செம்பாக்கம் ஏரிங்க டீச்சர் என்றார். உன் அம்மா பழக்க தோஷத்தில், வெரி குட், உக்காரு என்று சொல்லிவிட்டாள். அப்புறம்தான் யாரென்று உறைத்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலாகக் குட்மார்னிங் சார் என்று இழுத்தார்கள். நான் தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் அம்மா முகம் வெளுத்துப் போய், போச்சு, ஏழாம் வகுப்புகூடக் கிடைக்காது, தாளாளரை உக்காருன்னு சொல்லிட்டேனே என்று என் தோளில் சாய்ந்துவிட்டாள். எனக்கும் உள்ளூரப் பயம்தான், ஆனாலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை, அதற்கும் திட்டு வாங்கினேன். சாயந்திரம் அவரே லேண்ட்லைனில் போன் செய்தார். அவர் போன் மழையில் நனைந்துபோனதால் பேரனுடைய டேப்லட்டில் வந்தாராம், அதில் பெயரை மாற்றுவது எப்படி என்றுகூட அவருக்குத் தெரியாதாம். டீச்சர், நான் உங்களைப் பரீட்சை பண்ண வந்தேன், எனக்கே மைக் திறக்கத் தெரியல, ஆனா யாரும் இவ்ளோ பொறுமையா எனக்குச் சொன்னதில்ல, என் மகன்கூட, என்று சொன்னார். பத்தாம் வகுப்பை அம்மாவிடமிருந்து யாரும் எடுக்கப்போவதில்லை, அது மட்டுமல்ல, மற்ற டீச்சர்மாருக்கும் சனிக்கிழமைகளில் அவள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம், ஆஷா கூட இருந்து உதவி செய்யும். போன சனிக்கிழமை முதல் கூட்டம் நடந்தது. முதல் காரியமாக அந்த வெல்வெட் உறைகளை எல்லாம் கழற்றி, அவரவர் வகுப்பு போர்டை அவரவரே துடைக்க வைத்தாளாம். தாளாளர் முதல் வரிசையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாராம், இந்தத் தடவை யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

இதை அவள் உன்னிடம் போனில் சொல்லவில்லை, பார்த்தாயா? தக்காளி விலை ஏறினால்கூட அன்றைக்கே உன்னிடம் சொல்கிறவள். ஐயா போன் செய்த அன்று ராத்திரி படுக்கும்போது என்ன சொன்னாள் தெரியுமா, ஜெரூ பார்த்திருந்தா நல்லா இருந்திருக்கும்ங்க என்றாள். கிறிஸ்துமஸுக்கு நீ வருகிறாய் அல்லவா, அப்போது உன்னை உட்கார வைத்து நேரில் சொல்லத்தான் சேர்த்து வைத்திருக்கிறாள். ஐசக் ஐயா குரல், மிக்சி சத்தம் எல்லாம் ஒத்திகை நடக்கிறது, குளியலறைக்குள்ளிருந்து எனக்குக் கேட்கிறது. அதனால் அப்பா உனக்குச் சொல்லும் ஒரே புத்திமதி இதுதான், உனக்கு ஒன்றுமே தெரியாது. அவள் ஆரம்பிக்கும்போது போனைக் கையிலிருந்து இறக்கி வை. மைக் எங்கே இருக்கிறது என்று அவள் உனக்கு விளக்குவாள், கட்டாயம் விளக்குவாள், அப்போது ஈஸி என்ற வார்த்தை உன் வாயில் வரக் கூடாது. குல்லா வருகிற இடத்தில் திடுக்கிட வேண்டும், இப்போதிலிருந்தே கண்ணாடி முன் பழகிக்கொள். மாப்பிள்ளைக்குச் சொல்லிவிடாதே, பாவம், அவர் முகம் எதையும் மறைக்காது. ஸ்வெட்டர் போட்டுக்கொள், இஞ்சி வாங்கி வைத்துக்கொள், ஞாயிறு ஆராதனைக்குத் தவறாதே. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உங்கள் வீட்டில் சிரிப்பு குறையாதிருப்பதாக. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு, இல்லாவிட்டால் எனக்குச் சோறு கிடைக்காது. முக்கியமானதை மறக்காதே, அவள் சொல்லி முடித்ததும் கை தட்டாதே கண்ணு, அது சின்னக் குழந்தைக்குச் செய்வது. நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்புறம் என்னம்மா ஆச்சு என்று கேள். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்வாள், மறுபடியும் கேள்.

இப்படிக்கு,
வாக்கிங் போயிருக்கும் உன் அப்பா
சுந்தர்சிங்